சிநேகிதனின் எயர் பில்டர்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு என்பதை நான் மறைத்ததில்லை. மறைத்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். கொண்டாட்ட வீடுகளில் யாராவது புதுக் கார் வாங்கிய செய்தியைச் சொன்னால், "நல்லது, நல்லது" என்று இரண்டு தரம் சொல்வேன். இரண்டாவது தரம் சொல்லும்போது மனைவி என் முழங்கையில் இடிப்பாள். அப்படிப் பலர்மீதும் சில்லறையாகப் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பக்கம். ஒரே ஒருவன்மீது பன்னிரண்டு வருடமாகப் பட்டது மறுபக்கம். அவன் என் சிநேகிதன்.

நாங்கள் இருவரும் மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் டிப்பர் லொறி ஓட்டுகிறவர்கள். டார்னெய்ட்டிலும் அதற்கு அப்பாலும் புது வீடுகளுக்கு நிலம் வெட்ட வெட்ட, அந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுவதும், வரும்போது கல்லும் மணலும் ஏற்றி வருவதும் எங்கள் தொழில். முதலில் ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்கு ஓடினோம். பிறகு ஒரே மாதத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரியான பழைய லொறிகள் இரண்டை ஆளுக்கொன்றாக வாங்கினோம். இரண்டும் வெள்ளை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடியவை. "உனக்கு விருப்பமானதை எடு மச்சான்" என்று அவன் என்னைத்தான் முதலில் தெரிவுசெய்ய விட்டான். நான் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, முகர்ந்து பார்த்து, நல்லதை எடுத்தேன்.

ஆறு மாதத்துக்குள் அவனுடையது நல்லதாகிவிட்டது. ஒரே பாரம், ஒரே தெரு, ஆனால் அவன் லொறி என்னுடையதைவிடக் குறைவாக டீசல் குடித்தது. காலையில் ஸ்ராட் பண்ணும்போது என்னுடையது ஒரு வாய் கறுப்புப் புகை கக்கும். அவனுடையது சத்தமில்லாமல் எழும்பும். மேட்டில் ஏறும்போது அவன் என்னைக் கடந்து போவான். போகிறபோது கை வேறு காட்டுவான். அந்தக் கை எனக்கு எரிச்சல் மூட்டுவதற்காகக் காட்டப்பட்டதல்ல என்பதுதான் பெரிய எரிச்சல்.

லொறி ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டீசல் எஞ்சின் தான் குடிக்கிற டீசலைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கும். நாங்கள் ஓடுகிற இடங்களில் காற்றில் பாதி மண். இங்கே கோடையான தை மாதத்தில் வடக்கிலிருந்து சூட்டுக்காற்று அடித்தால், புதிதாக வெட்டிய தெருவில் முன்னால் போகிற லொறியே தெரியாது. அந்தத் தூசியை மறித்து நிற்பது எயர் பில்டர். கபினுக்குப் பின்னால் ஒரு பெரிய டப்பா. அதற்குள் மடிப்பு மடிப்பான காகிதத்தால் செய்த, வாளி அளவு உருளை ஒன்று. அதற்கும் உள்ளே மெலிந்த இன்னொரு உருளை. வெளியில் இருப்பது தவறினால் உள்ளே இருப்பது காப்பாற்றும். இரண்டும் தவறினால் மண் நேரே எஞ்சினுக்குள் போய், இரும்பை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிடும்.

ஆகவே அவனுடைய இரகசியம் பில்டரில்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினேன். மற்றது எல்லாம் இரண்டு லொறியிலும் ஒன்றுதானே.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவி, தலை முழுகி, மச்சம் மாமிசம் சேர்க்காமல் இருக்கிற நாள். லொறி வாங்கிய பிறகு லொறிக்கும் அதே ஒழுங்கு. வேலை முடிந்ததும் கழுவி, கண்ணாடியில் சந்தனம் வைத்து, முன்னால் கற்பூரம் கொளுத்துவேன். வெளியே இவ்வளவு கழுவுகிறோமே, உள்ளே அழுக்காக இருக்கலாமா என்று ஒரு நாள் தோன்றியது. அன்றிலிருந்து பில்டருக்கும் வெள்ளிக்கிழமை முழுக்கு. கழற்றி, ரயரில் நாலு தட்டுத் தட்டி, கொம்பிரசர் காற்றால் உள்ளிருந்து வெளியே ஊதி, காகிதம் வெள்ளையாகத் தெரியும்வரை விடமாட்டேன். பூட்டிய பிறகு மூடியில் மூன்று விரலால் திருநீறு இழுப்பேன்.

"மச்சான், திருநீறும் தூசிதான். பாத்துப் பூசு, உள்ள போகப்போகுது" என்பான் அவன். நாங்கள் லொறி விடுகிற முற்றத்தில் எனக்குப் 'பில்டர் ஐயர்' என்று பட்டம் வைத்தவனும் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்துகொண்டே சிரிப்பது எனக்குக் கைவந்த கலை.

பில்டர் வாங்குவதிலும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. மனைவி சனிக்கிழமைகளில் மீனும் மரக்கறியும் வாங்க ஸ்பிரிங்வேலுக்குப் போவாள். அவளை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உள்ள உதிரிப்பாகக் கடைக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு பில்டராகக் கையில் எடுத்துப் பாரம் பார்ப்பேன், மடிப்புகளை எண்ணுவேன், எதன் காகிதம் அதிகம் வெள்ளை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு தரம் வாங்கியதை மறுதரம் வாங்கமாட்டேன். அடுத்தது இதைவிட நல்லதாக இருக்கும், அவன் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். மனைவி மீன் பையோடு வெயிலில் நின்று, "இஞ்சேருங்கோ, பெண் பாக்க வந்தவை மாதிரி எவ்வளவு நேரம் நிப்பியள்?" என்று கேட்பாள்.

அவன் செய்வது வேறு. லொறியின் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைச் சொல்லி, கொடுத்த பெட்டியை வாங்கிக்கொண்டு வருவான். ரப்பர் விளிம்பை ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பான். பிறகு தடித்த பேனையால் அதன் தலையில் தேதி எழுதிப் பூட்டிவிடுவான். அதோடு சரி. டப்பாவின் கழுத்தில் பெருவிரல் அளவில் ஒரு கேஜ் இருக்கிறது. காகிதம் அடைபட்டு எஞ்சின் மூச்சுக்குக் கஷ்டப்பட்டால் பச்சை போய்ச் சிவப்பு வரும். "சிவப்பு வந்தா மாத்துவன். வராட்டி ஏன் திறக்கவேணும்?" என்பான். இதை நான் ஒரு நாளும் நம்பவில்லை. ஏதோ விலை கூடிய சாமானை எங்கிருந்தோ வாங்கிப் போட்டுவிட்டு நடிக்கிறான் என்றே நினைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதக் கடைசியில், சிட்னியில் கிரவீனில் இருக்கிற அவன் தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. குடும்பமாகக் காரில் வெளிக்கிட்டான். போகும்போது லொறித் திறப்பை என்னிடம் தந்தான்.

"பற்றறி கொஞ்சம் வீக் மச்சான். செவ்வாய்க்கிழமை போல ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓடவிடு. வேற ஆரிட்டயும் குடுக்க எனக்கு மனமில்லை" என்றான்.

அவன் சொன்னது செவ்வாய்க்கிழமை. நான் போனது ஞாயிற்றுக்கிழமை காலை. முற்றத்தில் ஒரு மனிதர் இல்லை. நேரே பில்டர் டப்பாவைத்தான் திறந்தேன். பன்னிரண்டு வருடக் கேள்விக்கு விடை அதற்குள்தான் இருந்தது.

உள்ளே இருந்தது நான் எத்தனையோ தரம் கையில் எடுத்து, மடிப்புக் குறைவு என்று திருப்பி வைத்த அதே சாதாரண பில்டர். மண் நிறத்தில், மடிப்புகளுக்குள் தூசி அப்பிப் போய், பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தலையில் எழுதியிருந்த தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தியது. கேஜைப் பார்த்தேன். பச்சை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அவனுடைய அழுக்குக்கூட என்னுடைய சுத்தத்தைவிட நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

அத்தோடு மூடியிருக்கவேண்டும். இல்லை, இரகசியம் உள் பில்டரில் இருக்கலாம் என்று அதையும் இழுத்தெடுத்தேன். அதைத் தேவையில்லாமல் தொடக்கூடாது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதுவும் சாதாரணம்தான். வெளிப் பில்டரைக் கைப்பழக்கத்தில் ரயரில் இரண்டு தட்டும் தட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மனைவி போனில் வந்தாள்.

"எங்க நிக்கிறியள்? பூசை தொடங்கப்போகுது. நான் சீலை உடுத்து அரை மணித்தியாலமாச்சு."

"வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளதை உள்ளே தள்ளி, அதற்குமேல் பெரியதைத் தள்ளி, மூடியை வைத்தேன். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் அந்த மூடியின் நாலு கிளிப்பும் இரண்டு விரலால் பூட்டும். மூன்று பூட்டின. நாலாவது மறுத்தது. உள் பில்டர் கோணலாக இருந்து வெளிப் பில்டரையும் இறுக விடாவிட்டால்தான் அப்படி மறுக்கும். வெள்ளிக்கு வெள்ளி பில்டர் கழற்றுகிற எனக்கு அது தெரியாமல் இருக்குமா? உள்ளங்கையால் ஓங்கி அடித்துப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். பிறகு வந்து திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் மனதில் வேறு எண்ணம் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, எங்களுக்கு வேலை தருகிற கம்பனியிடமிருந்து செய்தி வந்தது. புதிதாகத் தொடங்குகிற ஒரு பெரிய காணிப் பகுதியில் மண் அள்ளுகிற வேலை, ஆறு மாதத்துக்குக் குறையாத வேலை, அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நானும் கேட்டிருந்த வேலை. நான் கேட்டது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவேயில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களாகவே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துக்கள் வரிசையாக விழுந்தன. அவன் சிட்னியிலிருந்து பட்டு வேட்டியோடு எடுத்த படம் ஒன்றை அனுப்பி நன்றி சொல்லியிருந்தான். "நல்லது, நல்லது" என்று நானும் போட்டேன்.

அந்தப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவன் லொறியை ஸ்ராட் பண்ணப் போனேன். பத்து நிமிடம் ஓடவிட்டேன். கேஜ் இன்னும் நல்ல பச்சையாக நின்றது. நிற்கத்தானே செய்யும், காகிதத்துக்குள்ளால் போகவேண்டிய காற்று பக்கத்து இடைவெளியால் சுகமாகப் போய்க்கொண்டிருந்தால் கேஜுக்கு என்ன தெரியும்? அடைப்பைத்தான் அது காட்டும், ஒழுக்கைக் காட்டாது. திறந்து திருத்த ஐந்து நிமிடம் போதும். ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லை. நான் அந்த டப்பாவுக்கு முன்னால் நின்றேன். கொஞ்சம் மண் குடிக்கட்டும் என்று நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் நினைத்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கண்ணூறு என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். என் கண் பட்டுத்தான் அவனுக்கு இப்படியாயிற்று என்று சொல்லி நான் தப்ப முடியாது. பட்டது என் கை.

அவன் திரும்பி வந்ததும் சாமத்தியவீட்டுப் பயத்தம் பணியாரம் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தான். அவனுக்கு முன்னாலேயே இரண்டு சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

பிறகு அவன் புது வேலைக்குப் போனான். மழையில்லாத மாதங்கள், நாள் முழுக்கப் புழுதி. ஒவ்வொரு காலையும் நான் என் லொறியில் ஏறுமுன் அவனுடைய புகைக்குழாயைப் பார்ப்பேன். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா ஏமாற்றமாக இருந்ததா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. திருத்திவிடலாமா என்று சில நாள் யோசித்தேன். ஆனால் லொறி பகலில் அவன் கையில், மற்ற நேரம் முற்றம் நிறைய ஆட்கள்; திறக்கவேண்டுமென்றால் சொல்லவேண்டும். இரண்டாம் மாதக் கடைசியில் நீலப் புகை தெரிந்தது. எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஒரு நாள், பாரத்தோடு மேடு ஏறும்போது, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக நான் அவனைக் கடந்து போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டே அவன் வழக்கம்போலக் கை காட்டினான்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தான். குசினிக் கதிரையில் இருந்து, மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கதைத்தான்.

"நீ சொன்னது சரி மச்சான். வெள்ளிக்கு வெள்ளி கழட்டித் துப்பரவாக்கினனீ. நான் உன்னைப் பகிடி பண்ணிக்கொண்டு திரிஞ்சன். எஞ்சினுக்குள்ள மண் போட்டுது போல கிடக்கு. இழுவையும் இல்லை. இந்த நேரத்தில லொறி படுத்தா வேலையை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள், நானும் படுத்தன். நாளைக்கு மெக்கானிக் வாறார், நீயும் ஒருக்கா வந்து நிண்டு பாரன். பில்டர் விஷயம் உன்னைவிட ஆருக்குத் தெரியும்?"

பன்னிரண்டு வருடமாக இந்த வாயிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தைகள். அவற்றைக் கேட்டு எனக்கு வெட்கம் வரவில்லை. முதலில் வந்தது பெருமை. மடிப்பு எண்ணுவதிலிருந்து காற்று ஊதுவதுவரை அரை மணித்தியாலம் அவனுக்குப் பாடம் எடுத்தேன். அவன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஓம், ஓம் என்று கேட்டான். அவன் போன பிறகுதான் மனைவி சொன்னாள், "பாவம், அந்த மனிசன் தேத்தண்ணியைக் குடிக்கேல்லை."

மறுநாள் காலை முற்றத்துக்கு வந்த மெக்கானிக் நாமக்கல் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து புகை குப்குப்பென்று வந்தது. "பிஸ்டன் ரிங் போயிருச்சுங்கண்ணே" என்றார். நிறுத்திவிட்டு, பில்டருக்கு அப்பால் எஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்தார். துணியில் மண். அந்த இடத்தில் ஒரு பொட்டு மண்கூட இருக்கக்கூடாது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் இவனுக்கு எத்தினையோ தரம் சொன்னனான், ஒவ்வொரு கிழமையும் கழட்டி ஊதவேணுமெண்டு" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாராவாரமாண்ணே? கொஞ்சம் தூசி படிஞ்ச காகிதம்தான் நல்லா வடிகட்டும். திறக்கத் திறக்கத்தான் மண்ணு உள்ள போகும். காத்தடிச்சா கண்ணுக்குத் தெரியாம கிழியும், டயர்ல தட்டினா விளிம்பு நசுங்கும். இவரு பண்ணுனதுதான் சரி. உங்க வண்டியையும் ஒருநாள் கொண்டாங்க, பாத்துரலாம்."

அவர் டப்பாவைத் திறந்தார். பெரிய பில்டரை வெளியே எடுத்துவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார்.

"இந்த உள் பில்டரை யாரு எடுத்தது? கோணலா உக்காந்திருக்கு பாருங்க. அதுக்கு மேல மூடியை அடிச்சுப் பூட்டியிருக்காங்க."

"நான்தான்" என்றான் என் சிநேகிதன். "ஒண்டரை வருஷத்துக்கு முந்தி மாத்தேக்க பிழையாப் போட்டிருப்பன் போல."

மெக்கானிக் தலையாட்டினார். "அப்பவே இப்படி இருந்திருந்தா போன வருஷமே எஞ்சின் போயிருக்கும். இது இப்ப ரெண்டு, மூணு மாசத்துக்குள்ள நடந்தது."

அவன் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று மாதத்தைப் பின்னால் எண்ணினால் எங்கே போய் நிற்கும் என்று அவன் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் முகத்தில் அந்தக் கணக்கு ஓர் இடத்தில் வந்து நின்றது.

"ஓம், மறந்துபோனன்" என்றான் மெக்கானிக்கிடம். "சிட்னிக்குப் போறதுக்கு முதல் நாள் ஒருக்கா திறந்தனான். அவசரத்தில பூட்டினது."

அவர் நம்பினார். எஞ்சினை இறக்கிப் பிரிக்கவேண்டும், நாலு கிழமையாவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு சுலபமாக எனக்காக அவன் பொய் சொன்னான். அந்த இடத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். நான் அவனாக இருந்திருந்தால் முற்றம் கூடும்படி கத்தியிருப்பேன்.

அவன் குழாயடியில் கை கழுவினான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மச்சான், அது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"உன்ர லொறி என்ர லொறியைவிட நல்லா ஓடுது. எனக்குப் பொறுக்கேல்லை. உள்ள என்ன போட்டிருக்கிறாய் எண்டு பாக்கத்தான் திறந்தனான்."

"கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பனே" என்றான். கோபமில்லை. கொஞ்சம் சிரிக்கக்கூடப் பார்த்தான். "அவசரத்தில பூட்டினியோ?"

"ஓம்."

"சரி. ஆருக்கும் நடக்கும்." மறுபடி கையைத் தண்ணீரில் பிடித்தான். பிறகு ஏதோ நினைத்தவன்போலக் குழாயைப் பூட்டினான். "பிறகு செவ்வாய்க்கிழமை ஸ்ராட் பண்ண வந்தனீ என்ன? அப்ப அது சரியாப் பூட்டுப்படேல்லை எண்டு உனக்குத் தெரியாதுதானே?"

கேள்வியிலேயே விடையையும் வைத்துத்தான் கேட்டான். தெரியாது என்று சொன்னால் போதும். சொல்லியிருந்தால் தோளில் தட்டிவிட்டுப் போயிருப்பான். அடுத்த நாளே என் லொறியில் ஏறி மாறி மாறி அந்த வேலையைச் செய்திருப்போம். ஆனால் சற்று முன்தான் அவன் எனக்காக ஒரு பொய் சொல்லியிருந்தான். அவனைவிட ஒரு விஷயத்திலாவது நேர்மையானவனாக இருந்துவிடவேண்டும் என்ற வீம்பும் இருந்திருக்கும்.

"தெரியும்" என்றேன்.

அவன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். முன்பக்கம் துடைத்து, பின்பக்கம் துடைத்து, காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே, மச்சான்" என்றான்.